முதலில் வந்தவர் யார்?

ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில் 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐக்கே ஃபான் ரெப்கோ என்பவர் தம் மண்ணின் வழக்காறுகளைத் திரட்டி ஒரு சட்ட நூலாக எழுதிவைத்தார். 'சாக்ஸன்ஸ்பீகல்' என்பது அதன் பெயர். மாவு அரைக்கும் ஆலைக்கும் அதில் ஒரு விதி உண்டு. ஆலைக்கு யார் முதலில் வந்து சேர்கிறாரோ அவருடைய தானியமே முதலில் அரைபட வேண்டும். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் சாஸர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் வரும் பாத் நகரத்துப் பெண்ணும் தன் கட்சியை நிலைநாட்ட இதே ஆலை வழக்கத்தைத்தான் துணைக்கு அழைக்கிறாள். இன்று உலகமெங்கும் டிக்கெட் கவுன்டர் முதல் அமைச்சரவைக் குறிப்பு வரை புழங்கும் 'ஃபர்ஸ்ட் கம், ஃபர்ஸ்ட் சர்வ்ட்' என்ற தொடருக்கு மூதாதை அந்த ஆலை வாசல்.

அந்த ஆங்கிலத் தொடரைப் பலர் கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'சர்வ்' என்றே எழுதுகிறார்கள். அப்படி எழுதினால், முதலில் வருகிறவர் முதலில் பரிமாற வேண்டும் என்று பொருள் திரும்பிவிடும். முதலில் வந்தவருக்கு முதலில் பரிமாறப்படும் என்பதே சொல்ல வந்தது. 'சர்வ்ட்' என்பதே சரி. இலக்கணத்தைப் பொறுத்தவரை சிக்கல் இத்துடன் தீர்ந்தது.

தீராத சிக்கல் வேறொன்று. ஆலை விதி வரிசையைத்தான் தீர்மானிக்கிறது. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை அது தீர்மானிக்கவில்லை. கல் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் ஆளின் மூட்டை காலையில் அரைபடும், பத்தாவது ஆளின் மூட்டை மாலையில் அரைபடும். பிந்தியவருக்கு இழப்பு நேரம் மட்டுமே. நம் கல்யாண வீட்டுப் பந்தியும் அப்படித்தான்: முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர் இரண்டாம் பந்தியில் உட்காருவார், இலையில் அதே சாப்பாடு விழும். ஆனால் பத்துப் பேருக்கான சோற்றை வைத்துக்கொண்டு நூறு பேரைக் கூப்பிட்டுவிட்டு, முந்தியவர் சாப்பிடட்டும் என்று அறிவித்தால் அது பந்தியே அல்ல. அரசும் வணிகமும் கடந்த ஒன்றரை நூற்றாண்டாக இந்தத் தொடரைப் பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருளில்தான் ஆண்டுவந்திருக்கின்றன. 'முதலில் வருவோருக்கு முன்னுரிமை' என்று தமிழில் எழுதப்படும் அறிவிப்புகளிலும், முன்னுரிமை என்ற மென்மையான சொல்லுக்குப் பின்னால் 'மற்றவர்களுக்கு இல்லை' என்ற செய்தி மறைந்திருக்கிறது.

இதனால் வரிசையே அநியாயம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வரிசையின் மேல் மனிதர்களுக்கு ஆழமான பற்று உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தேலர் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பனிப்புயலுக்கு மறுநாள் காலை ஒரு கடைக்காரர் 15 டாலர் பனி மண்வெட்டியை 20 டாலராக ஏற்றி விற்கிறார், இது சரியா? கேட்கப்பட்டவர்களில் 82 விழுக்காட்டினர் அநியாயம் என்றார்கள். விலையை ஏற்றினால் மண்வெட்டி வசதியுள்ளவர் கைக்குப் போகும். வரிசை வைத்தால் ஏழையும் தன் நேரத்தைக் கொடுத்து அதைப் பெறலாம். பொருளியலாளர் யோரம் பார்செல் 1974இல், காத்திருப்பும் ஒரு விலைதான், பணத்துக்குப் பதில் நேரத்தால் செலுத்தப்படும் விலை என்று விளக்கினார். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் காத்திருப்பு என்பது ஒரு நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கோ அது ஒரு நாள் விடுப்பு. நேரம் எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கப்பட்டிருந்தாலும் அதன் விலை சமமில்லை.

வரிசை செம்மையாக நடக்கும் இடங்கள் சில உண்டு. விம்பிள்டன் டென்னிஸ் போட்டியின் பெரும்பாலான நாள்களில் முக்கிய அரங்குகள் ஒவ்வொன்றிலும் சுமார் 500 டிக்கெட்டுகளை வரிசையில் நிற்பவர்களுக்கென்றே ஒதுக்குகிறார்கள். வருகிறவருக்கு எண்ணும் தேதியும் கொண்ட வரிசை அட்டை ஒன்று தரப்படும். ஆளுக்கு ஒரு அட்டை. இன்னொருவருக்காக இடம் பிடிக்க முடியாது. அட்டை எண்ணைப் பார்த்தாலே காத்திருப்பதில் பயன் உண்டா என்று கணித்துவிடலாம். வரிசையில் வந்து நிற்க முடியாதவர்களுக்காக 1924 முதலே குலுக்கல் முறையும் இருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பொங்கல் பரிசுத் தொகுப்புக்கு இன்ன நாள், இன்ன நேரம் என்று குறித்து வீடு வீடாக டோக்கன் கொடுப்பதும் இந்த வகை ஏற்பாடுதான். அட்டைக்கு ஒரு தொகுப்பு உறுதி. டோக்கன் நேரத்தை மட்டுமே பிரிக்கிறது. அங்கே யாரும் யாரையும் முந்தவேண்டிய தேவையில்லை.

அந்த உறுதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. 2005 வடகிழக்குப் பருவமழையில் நகரம் மூழ்கியபோது அரசு வெள்ள நிவாரணம் வழங்கியது. நவம்பர் 6 அன்று வியாசர்பாடி நிவாரண மையத்தில் நெரிசலில் 6 பேர் இறந்தார்கள். ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 18 ஞாயிறு விடிவதற்கு முன்பே, எம்.ஜி.ஆர். நகரில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் வாசலில் ஆயிரக்கணக்கானோர் டோக்கனுக்காகத் திரண்டு நின்றார்கள். அன்றுதான் கடைசி நாள் என்ற வதந்தி பரவியிருந்தது. மழையில் கூட்டம் நெருக்க, 42 பேர் மிதிபட்டு இறந்தார்கள்.

அந்த 42 பேரைக் கொன்றது பேராசையென்று யாரும் சொல்ல முடியாது. நனைந்த வீட்டை விட்டு, உரிமையுள்ள நிவாரணத்தைப் பெற, அதிகாலையிலேயே வந்து நின்றவர்கள் அவர்கள். பிந்தினால் கிடைக்காது என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் போக்க ஓர் உறுதியான அறிவிப்பு போதுமாக இருந்திருக்கும். 2025 ஜனவரி 8 இரவு திருப்பதியில் வைகுண்டத் துவார தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் 6 பேர் நெரிசலில் உயிரிழந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெண்ணும் ஒருவர். இரண்டு இடத்திலும் அவர்கள் நின்றது பொருளுக்காக அல்ல, பொருள் பெறும் சீட்டுக்காக. நெரிசலைத் தவிர்க்கக் கண்டுபிடிக்கப்பட்ட டோக்கனையே முந்துபவருக்குத்தான் என்று விநியோகித்தால், நெரிசல் ஒரு கட்டம் முன்னால் நகர்கிறதே தவிர மறைவதில்லை.

கூட்டம் தெருவில் நின்றால் நெரிசல் கண்ணுக்குத் தெரியும். அலுவலகத்துக்குள் நடக்கும் நெரிசல் தெரியாது. இந்தியாவில் இந்தத் தொடர் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது அப்படியொரு நெரிசலால்தான்.

2ஜி அலைக்கற்றை உரிமங்களுக்கு 2007 அக்டோபர் 1 வரை 46 நிறுவனங்களிடமிருந்து 575 விண்ணப்பங்கள் தொலைத்தொடர்புத் துறைக்கு வந்திருந்தன. அப்போது துறை அமைச்சர் ஆ. இராசா. அக்டோபர் 1 வரை விண்ணப்பிக்கலாம் என்று முதலில் அறிவித்திருந்த துறை, 2008 ஜனவரி 10 அன்று, செப்டம்பர் 25 வரை வந்த 232 விண்ணப்பங்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும் என்றது. அதே நாள் பிற்பகல் இன்னொரு அறிவிப்பு: விண்ணப்பதாரர்கள் முக்கால் மணி நேரத்துக்குள் டெல்லி சஞ்சார் பவனுக்கு வந்து கடிதங்களைப் பெற்றுக்கொள்ளலாம். முதலில் விண்ணப்பித்தவர் முதலாமவர் என்றிருந்த முறை மாறி, கடிதத்தின் நிபந்தனைகளை முதலில் நிறைவேற்றியவர், அதாவது பணத்தையும் வங்கி உத்தரவாதத்தையும் முதலில் கட்டியவர் முதலாமவர் என்றானது. சில நிறுவனங்களின் கையில் அறிவிப்புக்கு முந்தைய தேதியிட்ட வரைவோலைகள் தயாராக இருந்தன. நாடு முழுவதற்குமான உரிமத்தின் கட்டணம் 1,658 கோடி ரூபாய்; அது 2001இல் நிர்ணயமான விலை. செல்பேசி சிலரிடம் மட்டுமே இருந்த காலத்து விலையில், எல்லார் கைக்கும் அது வந்துகொண்டிருந்த காலத்துச் சந்தை விற்கப்பட்டது.

முந்தைய அமைச்சர்கள் கடைப்பிடித்த அதே முறையைத்தான் தாமும் பின்பற்றியதாக இராசா வாதிட்டார். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2010 அறிக்கை, அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பின் உச்ச மதிப்பீடாக 1.76 லட்சம் கோடி ரூபாயைச் சொன்னது. அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. குற்ற வழக்கில் சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பர் 21 அன்று குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024இல் விசாரணைக்கு ஏற்றது. யார் குற்றவாளி என்ற கேள்வியை நீதிமன்றத்துக்கு விட்டுவிடலாம். இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது 2012 பிப்ரவரி 2 அன்று நீதிபதிகள் சிங்வியும் கங்குலியும் 122 உரிமங்களை ரத்து செய்தபோது அந்த முறையைப் பற்றியே சொன்ன கருத்து. முதலில் வருவோருக்கு முன்னுரிமை என்ற கொள்கையிலேயே அடிப்படைப் பழுது இருக்கிறது, அது தற்செயலை நம்பியது, அதிகாரத்தின் நடைக்கூடங்களில் செல்வாக்குள்ளவருக்குச் செய்தி முன்கூட்டியே கிடைத்துவிடும் என்பதே அதன் சாரம். பொதுச் சொத்தை இப்படி வழங்கக் கூடாது என்றார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு அளித்த கருத்தில், எல்லா இயற்கை வளங்களையும் ஏலத்தில்தான் விட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று தெளிவுபடுத்தியது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். வரிசைக்கு மாற்று ஏலம் மட்டுமே என்ற எண்ணம் பொதுப் பேச்சில் வேரூன்றிவிட்டது. மாற்றுகள் பல உண்டு. அவற்றுக்கு நீண்ட வரலாறும் உண்டு.

1889 ஏப்ரல் 22, நண்பகல். அமெரிக்காவின் ஒக்லஹோமா எல்லையில் சுமார் 50,000 பேர் குதிரையிலும் வண்டியிலும் கால்நடையாகவும் காத்திருந்தார்கள். துப்பாக்கி முழங்கியதும் பாய்ந்து ஓடி, 160 ஏக்கர் துண்டு ஒன்றில் முதலில் முளை அடிப்பவருக்கு நிலம் சொந்தம். மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர். பாய்ந்து போனவர்கள் பல இடங்களில் ஏற்கெனவே ஆட்கள் குடிசை போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். முந்திய இரவே களவாகப் புகுந்து ஒளிந்திருந்த அவர்களுக்கு 'சூனர்' என்று பெயர் விழுந்தது. வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. 1893இல் செரோக்கி நிலப்பகுதிக்கு நடந்த ஓட்டம் இன்னும் பெரியது, குழப்பமும் அப்படியே. 1901இல் அதே ஒக்லஹோமாவில் கையோவா, கமான்சி பழங்குடியினரின் நிலங்களைத் திறந்தபோது அரசு ஓட்டத்தைக் கைவிட்டு, பெயர்களை எழுதிப் போட்டுக் குலுக்கி எடுத்தது.

இந்த வரலாற்றில் எல்லோரும் ஓடியவர்களின் கதையைச் சொல்கிறார்கள். ஓட்டம் தொடங்கும் முன்பே அந்த மண்ணோடு வாழ்ந்த க்ரீக், செமினோல் மக்கள் எந்தக் கோட்டின் பின்னாலும் நிறுத்தப்படவில்லை. முதலில் வந்தவர் யார் என்பதை, கடிகாரத்தை எப்போது ஓடவிட வேண்டும் என்று முடிவு செய்கிறவரே தீர்மானித்துவிடுகிறார். ஒப்பந்தம், நிலம், நீர், விண்வெளி எல்லாவற்றிலும் இந்த முறையின் மையமான அதிகாரம் இதுதான். வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொதித்துக்கொண்டிருக்கும்போது, வரிசையைத் தொடங்கிவைத்தவர் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறார்.

அமெரிக்க மேற்கின் நீர்ச் சட்டம் இதை அப்படியே காட்டும். தங்கம் தேடிச் சென்றவர்களின் சுரங்க முகாம் வழக்கத்திலிருந்து வளர்ந்தது அது: ஆற்று நீரை முதலில் திருப்பிப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. கொலராடோ உச்ச நீதிமன்றம் 1882இல் இதை உறுதி செய்தது. வறட்சி ஆண்டில் பற்றாக்குறையை எல்லோரும் பகிர்ந்துகொள்வதில்லை. மூத்த உரிமைக்காரரின் வாய்க்கால் நிரம்பிய பின்பே இளையவரின் வாய்க்காலுக்கு ஒரு சொட்டு. மொன்டானாவில் மில்க் ஆற்றின் நீரை மேலே இருந்த குடியேறிகள் திருப்பிக்கொள்ள, ஃபோர்ட் பெல்க்னாப் பழங்குடி ஒதுக்கீட்டுப் பகுதி வறண்டபோது வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908இல் வந்த 'வின்டர்ஸ்' தீர்ப்பு, 1888இல் அந்த ஒதுக்கீட்டுப் பகுதி உருவானபோதே அதற்கான நீரும் ஒதுக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்றது. வரிசை முறையை நீதிமன்றம் ஒழிக்கவில்லை. தொடக்கத் தேதியைப் பின்னுக்கு நகர்த்தி, விடுபட்டவர்களை முன்னால் கொண்டுவந்தது.

காவிரியில் கதை வேறு மாதிரி. தஞ்சை டெல்டாவின் பாசனம் தொன்மையானது. முன்பயன்பாடு என்ற வாதம் தமிழ்நாட்டுக்கு இயல்பாகவே வலுவானது. நடுவர் மன்றம் அந்தப் பழைய பாசனத்துக்கு மதிப்பளித்தது. ஆனாலும் 2007 இறுதித் தீர்ப்பில் மழை பொய்க்கும் ஆண்டில் எல்லா மாநிலங்களின் பங்கும் விகிதப்படி குறைய வேண்டும் என்றது. முதலில் வந்தவருக்கு முழுக்க, பிந்தியவருக்கு ஒன்றுமில்லை என்ற கொலராடோ வழி இங்கே ஏற்கப்படவில்லை. பற்றாக்குறை ஆண்டுகளில் அந்த விகிதம் நடைமுறைக்கு வருவதில்லை என்ற ஆற்றாமை டெல்டாவில் உண்டு. அது நியாயமான ஆற்றாமை. ஆனால் அது செயல்படுத்துவதில் உள்ள குறை. கோட்பாடு மனிதத்தன்மை உடையது.

இனி கணினித் திரைக்கு வரலாம். தட்கல் டிக்கெட்டுக்குப் பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்புகளும் 11 மணிக்கு மற்ற வகுப்புகளும் திறக்கும். தொடக்க நேரம் எல்லோருக்கும் ஒன்று, யாரும் நள்ளிரவில் வெளியே நிற்க வேண்டாம். ஒக்லஹோமாவைவிட நேர்த்தியானது போலத்தான் தோன்றும். ஆனால் முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்பவற்றில் பாதி வரை தானியங்கி மென்பொருள்கள் என்று ரயில்வே 2025இல் தெரிவித்தது, சுமார் 2.5 கோடி பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்குக்கு மட்டுமே இணையத்தில் தட்கல் என்றானது; முகவர்களுக்கு முதல் அரை மணி நேரம் மூடப்பட்டது. சென்னையிலிருந்து தீபாவளிக்கு ஊருக்குப் போக முயன்று 10 மணி 2 நிமிடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்த எவருக்கும் இந்தச் சீர்திருத்தத்தின் தேவையை விளக்க வேண்டியதில்லை. அதே வேளையில், விரலுக்கு விரல் போட்டி சமமானாலும் இணைய வேகமும் கருவியும் சமமாவதில்லை.

டிக்கெட் போனால் பேருந்து உண்டு. தடுப்பூசிக்கு அப்படிச் சொல்ல முடியாது. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்குக் கொரோனா தடுப்பூசி திறந்தபோது அரசின் கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம். பதிவு தொடங்கிய ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் ஒரு கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். நேர ஒதுக்கீடுகள் நொடிகளில் காலியாயின. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இடம் திறந்ததும் தகவல் தரும் செயலிகளை உருவாக்கிக்கொண்டார்கள். நகரத்துக்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு கிராமத்து மையங்களுக்குப் போய் ஊசி போட்டு வந்தார்கள். அந்தக் கிராமத்துக்காரரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. உச்ச நீதிமன்றம் மே 31 ஆணையில் இந்த எண்மப் பிளவைச் சுட்டிக்காட்டிக் கடுமையாகக் கேள்வி எழுப்பியது. நேரில் வருவோருக்கும் ஊசி என்று விதி படிப்படியாகத் தளர்ந்தது.

அதே ஏப்ரல், மே மாதங்களில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் நின்ற வரிசை இதைவிடக் கொடியது. ரெம்டெசிவிர் மருந்து வாங்க, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, ஊர் ஊராக வந்தவர்கள் இரவிலும் வெயிலிலும் நின்றார்கள். விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாறியும் கூட்டம் குறையவில்லை. யார் வீட்டு நோயாளிக்கு மூச்சு அதிகம் திணறுகிறது என்று அந்த வரிசைக்குத் தெரியாது. நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வர ஆள் இல்லாத குடும்பம் அதில் நிற்கவே முடியாது. உயிர் காக்கும் என்று அன்று உறுதியாகாத மருந்து அது; அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைத்திருந்தது. மே நடுவில் தமிழக அரசு நேரடி விற்பனையை நிறுத்திவிட்டு, மருத்துவமனைகள் தங்கள் நோயாளிகளின் விவரத்தைப் பதிந்து பெற்றுக்கொள்ளும் முறைக்கு மாறியதும் அந்த வரிசை கலைந்தது. அந்த முடிவு சில வாரங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

உடல் உறுப்பு மாற்று மருத்துவம் இந்தப் பாடத்தை நீண்ட விவாதத்துக்குப் பின் கற்றது. அமெரிக்காவில் கல்லீரல் ஒதுக்கீட்டில் காத்திருந்த காலத்துக்குப் பெரும் எடை இருந்தவரை, மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பட்டியலில் ஏற்றினார்கள். அன்று உறுப்பு தேவைப்படாதவரும் நாளைக்காக இடம் பிடித்துவைத்தார். 2002 பிப்ரவரியில் 'மெல்ட்' மதிப்பெண் வந்தது. ரத்தப் பரிசோதனை எண்களைக் கொண்டு, யார் விரைவில் இறக்கும் அபாயத்தில் இருக்கிறாரோ அவருக்கு முதலிடம்.

சிறுநீரகத்தில் காத்திருப்புக் காலம் தொடர்ந்து எண்ணப்படுகிறது, டயாலிசிஸ் நோயாளியைத் தாங்கிப்பிடிப்பதால் அங்கே அது பொருந்தும். ஆனால் 2014 டிசம்பரில் அங்கும் ஒரு மாற்றம் செய்தார்கள்: பட்டியலில் பெயர் சேர்ந்த நாளுக்குப் பதில், டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து காத்திருப்பு கணக்கிடப்பட்டது. நிபுணரிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்த ஏழைகளும் கறுப்பினத்தவரும் இழந்திருந்த ஆண்டுகள் அவர்களுக்குத் திரும்பின. டயாலிசிஸ் தேவைப்பட்ட நாள்தான் ஒருவர் வரிசைக்கு வந்த நாள், படிவம் நிரப்பிய நாள் அல்ல என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டது. வரிசை முறையில் இதுவரை நடந்த திருத்தங்களில் இதைவிட நேர்மையானது எதுவும் இல்லை.

தேவையை அளக்க வழியில்லாத இடத்தில் குலுக்கல் இருக்கிறது. நல்ல பள்ளியில் மழலை வகுப்பு விண்ணப்பத்துக்காகப் பெற்றோர் நடைபாதையில் இரவைக் கழித்த காட்சிகள் தமிழ்நாட்டு நகரங்களுக்குப் பழக்கம். 2009 கல்வி உரிமைச் சட்டம், குழந்தையைத் தேர்வு செய்யக் குலுக்கல் போன்ற சார்பற்ற முறை தவிர வேறு வடிகட்டலைத் தடை செய்தது. அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவும் அப்படித்தான் மாறியது. ஆண்டுக்கு 65,000 என்ற வரம்புக்கு 2007 ஏப்ரல் 2 அன்று ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் கூரியரில் வந்து குவிந்தன; யார் முதலில் என்று சொல்லவே வழியில்லாமல் குலுக்கல் நடந்தது. சென்னையிலும் கோவையிலும் எத்தனையோ வீடுகளில் அந்த முடிவுக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் குலுக்கலிலும் ஓட்டை விழும். 2023இல் வந்த 7.8 லட்சம் பதிவுகளில் பாதிக்கு மேல், ஒரே ஆளுக்காகப் பல நிறுவனங்கள் செய்தவை. அடுத்த ஆண்டு முதல் எத்தனை பதிவு இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாய்ப்பு என்று திருத்தினார்கள். விம்பிள்டனின் வரிசை அட்டையும் அதைத்தான் செய்கிறது.

வணிகம் இந்தத் தொடரோடு 'ஸ்டாக் உள்ளவரை' என்பதையும் சேர்த்துக்கொண்டது. ஆடித் தள்ளுபடிக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம், கடைக்குப் போனால் அந்த விலைச் சேலை காலையிலேயே தீர்ந்துவிட்டது என்ற பதில். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைத் தூண்டில் விளம்பரம் என்று வகைப்படுத்துகின்றன. எதிர்பார்க்கக்கூடிய தேவைக்குப் போதிய சரக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு குறைவு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் வந்த அடுத்த நெறிகள், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டன. அவற்றில் 'பொய்யான அவசரம்' ஒன்று. இரண்டே அறைதான் மீதம், இன்னும் பதினைந்து நிமிடத்தில் விலை ஏறும் என்று திரையில் துடிக்கும் எழுத்துகள் உண்மையாக இல்லாவிட்டால் அவை சட்டப்படி தவறு. வாடிக்கையாளர் இதை அறிந்து புகார் செய்யும் பழக்கம் இன்னும் வளர வேண்டும்.

அடுத்த பெரிய வரிசை தலைக்கு மேலே நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைச் சுற்றுப்பாதையில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் முதலில் பதிவு செய்யும் நாட்டுக்கு இடம் என்ற முறை நெடுங்காலம் நடந்தது. ராக்கெட் இல்லாத நாடுகள் இதை எதிர்த்தன. 1976இல் எட்டு நிலநடுக்கோட்டு நாடுகள் பொகோட்டாவில் கூடித் தங்கள் தலைக்கு மேலான பாதை தங்களுக்கே என்று அறிவித்தன. அது எடுபடவில்லை. ஆனால் 1988இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓரிடம் முன்கூட்டியே ஒதுக்கும் திட்டம் ஒன்று ஏற்கப்பட்டது. அந்தக் காலத்தில்தான் பசிபிக் தீவு நாடான டோங்கா, சொந்தச் செயற்கைக்கோள் ஒன்றும் இல்லாமலே 16 இடங்களுக்கு மனுப் போட்டது. எதிர்ப்புக்குப் பின் 6 இடங்கள் பெற்று, அவற்றைப் பிறருக்கு வாடகைக்கு விடலாயிற்று. இன்று தாழ்பாதையில் ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. 2021இல் ருவாண்டா மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்களுக்குப் பதிவு செய்தது.

காகிதத்தில் இடம் பிடிப்பதைத் தடுக்க ஒன்றியம் 2019 மாநாட்டில் ஒரு விதி கொண்டுவந்தது. பதிவுக்கான ஏழாண்டுக் கெடு முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகளில் 10 விழுக்காடு, ஐந்து ஆண்டுகளில் பாதி, ஏழு ஆண்டுகளில் முழுமையும் ஏவப்பட்டிருக்க வேண்டும். தவறினால் உரிமை சுருங்கும். போலிப் பதிவுகளுக்கு இது நல்ல கடிவாளம். ஆனால் சொந்த ராக்கெட்டும் பெரும் பணமும் உள்ள ஒரு சில நிறுவனங்களால்தான் அந்தக் கெடுவுக்குள் ஏவ முடியும் என்பதால், பிந்தி வரும் நாடுகளுக்கு அந்த விதியால் இடம் கூடிவிடவில்லை. இந்தியாவின் 2023 தொலைத்தொடர்புச் சட்டம் பொதுவாக அலைக்கற்றையை ஏலத்தில் விட்டு, செயற்கைக்கோள் சேவைகள் உள்ளிட்ட குறிப்பிட்ட சிலவற்றுக்கு மட்டும் அரசே நிர்வாக முறையில் ஒதுக்க வழிவைத்திருக்கிறது. எந்த விலைக்கு, எந்த நாளிலிருந்து, யாரெல்லாம் கேட்கலாம் என்பதை அரசு எழுதிவைத்து முன்கூட்டியே வெளியிடுமா என்பதில்தான் 2008 ஜனவரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இருக்கும்.